முகவரியோடு வந்த வாசகர் கடிதம்

பிள்ளைகளே,

போன மாதம் பெரியம்மாவின் வருஷத் திதிக்கு வந்திருந்தபோது நீங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். சாம்பார் எப்படி இருக்கு பெரியம்மா? நல்லா இருக்கு. சீரியல் எப்படி? நல்லா இருக்கு. வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தபோது வலி எப்படி இருக்கு என்று கேட்டதற்கும் நல்லாத்தான் இருக்கு என்றாரே, அதையும் சொல்லிச் சிரித்தீர்கள். நான் பாதியில் எழுந்து கொல்லைப் பக்கம் போனேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. நீங்கள் பார்த்த காலம் முழுக்க அவர் அப்படித்தான் இருந்தார். உங்கள் மேல் தப்பே இல்லை.

ஆனால் எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, எங்கள் தெருவில் அபிப்பிராயம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு அதை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதுவும் கதைப் புத்தகங்களைப் பற்றி. மகளே, நீ படித்து முடித்த நாவலுக்கு ஃபோனில் நாலு வரி எழுதிப் போடுகிறாய். முகம் தெரியாதவர்கள் எல்லாம் அதற்குப் பதில் எழுதுகிறார்கள். நீங்களும் எழுதுங்களேன்ப்பா என்று எனக்கு இரண்டு நாவல் வாங்கி அனுப்பினாய். படித்தேன். எழுதவில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இது. நான் பத்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இனி அவரை அண்ணி என்றே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

உங்கள் பெரியப்பா, அதாவது என் அண்ணன், அப்போது மஸ்கட்டில் இருந்தார். எனக்கும் அவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம். கல்யாணமாகி நாற்பத்தேழாவது நாள் விமானம் ஏறியவர். நான் சொல்லும் வருஷம் அவர் போன மூன்றாவது வருஷம். மூட்டை சுமக்கிற வேலையில் சேர்ந்தவரை ஸ்டோர் கணக்குப் பார்க்க மாற்றியிருந்தார்கள். குடும்பத்தோடு இருக்க கம்பெனியில் ஒரு சின்னக் குவார்ட்டர்ஸ் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தை மாதக் கடைசியில் லீவில் வந்து, திரும்பும்போது அண்ணியையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. அண்ணிக்கு பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. அம்மா அதை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். நான் கேட்டால் மட்டும் எடுத்துக் காட்டுவார். ஃபோட்டோவில் அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருக்கும்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதம். குறுவை போடவே இல்லை. அப்பா கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்துகொண்டிருந்தவர். காலையில் எழுந்ததும் வாய்க்கால் மதகு வரை போய், காய்ந்து கிடக்கிற மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். வந்ததும் யார் மேலாவது எரிந்து விழுவார். வீட்டில் வேலை குறைவு, கவலை அதிகம். அண்ணி நிறையப் படித்தது அந்த மாதங்களில்தான்.

புத்தகம் பாய் கடையிலிருந்து வரும். பஸ் நிறுத்தத்தில் இருந்த கடை. நோட்டு, பேனா, நூல்கண்டு, ஊதுவத்தி எல்லாம் விற்பார். முன்னால் கட்டிய கயிற்றில் அந்த மாத நாவல்கள் துணி காயப் போட்டது போலத் தொங்கும். பழைய மாதத்து நாவல்களுக்குக் காக்கி அட்டை போட்டு வாடகைக்கு விடுவார். சைக்கிளில் போய் மாற்றி வருவது என் வேலை. ஊரில் ஃபோன் இருந்ததும் அவர் கடையில்தான். வெளிநாட்டிலிருந்து யாருக்குக் கூப்பிட்டாலும் அங்கேதான் வரும். பாயின் மகனும் மஸ்கட்டில், அண்ணனோடு ஒரே அறையில் இருந்தார். அண்ணனுக்கு விசா எடுத்துக் கொடுத்ததே அவர்தான். ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் அவர்கள் பெட்டியில் பாய் ஊறுகாயும் ஒரு கட்டு மாத நாவலும் வைத்து அனுப்புவார். அறையில் எல்லோரும் மாற்றி மாற்றிப் படிப்பார்களாம்.

அந்தப் புத்தகங்களின் வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மட்டமான தாள். விரித்தால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி அடிக்கும். பின்னட்டையில் ஆண்களுக்கான வைத்தியர் விளம்பரம் இருக்கும். அதன் மேல் அண்ணி சோற்றுப் பருக்கையால் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டுத்தான் புத்தகத்தை என் கையில் கொடுப்பார். ஒட்டிய தாளை வெயிலில் தூக்கிப் பிடித்தால் எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

மதியம் சமையல் முடிந்ததும், கொல்லையில் நெல் அவிக்கிற கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்து முடிப்பார். முடித்ததும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கதையில் ஆர்வமும் இல்லை. அப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பது உர மூட்டையும் பஞ்சாங்கமும். மிச்சம் நான்தான். சாயங்காலம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே முழுக் கதையையும் சொல்லி, பிறகு தீர்ப்பும் சொல்வார்.

ஒரு கதை, மில் முதலாளியின் மகனுக்கும் டைப் அடிக்கிற பெண்ணுக்கும் காதல். “இந்தப் பொண்ணு அத்தியாயத்துக்கு ஒரு தடவை படியில தடுக்கி விழுறா தம்பி. அவனும் ஒவ்வொரு தடவையும் சரியா வந்து பிடிச்சுக்கிறான். அந்தப் படியை ஒரு கொத்தனாரை வச்சுச் சரி பண்ணிருந்தா கதையே நடந்திருக்காது” என்றார். இன்னொன்றில் காதலன் தன் ரத்தத்தில் நாலு பக்கம் எழுதினான். ரெண்டாம் பக்கத்திலேயே மயக்கம் போட்டு விழுந்திருக்க வேண்டாமா என்று கேட்டார். கதைகளில் வரும் மழை மேல் அவருக்குத் தனிக் கோபம். இங்கே நாற்று விட ஒரு சொட்டு இல்லை, இவர்களுக்கு மட்டும் குடை எடுத்து வராத அன்றைக்கெல்லாம் கொட்டுகிறது என்பார். கதாநாயகிகள் யாரும் பாத்திரம் துலக்குவதில்லை, யாருக்கும் மாமியார் வீட்டில் பசிப்பதில்லை, எல்லோருக்கும் முதல் பார்வையிலேயே புரிந்துவிடுகிறது. “எனக்கு உங்க அண்ணன் காப்பியில சர்க்கரை எவ்வளவு போடுவாங்கன்னு புரியவே இருபது நாள் ஆச்சு” என்றார் ஒரு தடவை. சொல்லிவிட்டு அரிசியை ரொம்ப நேரம் புடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் திட்டினார் என்று எழுதினால் அது பொய். ஒரே ஒரு நாவலை அவர் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் ஒரு வாரம் வைத்திருந்தார். ஒரு டீச்சர் தினமும் பஸ்ஸில் போகிறாள், ஒரு கண்டக்டர் டிக்கெட் கொடுக்கிறான். அவ்வளவுதான். கடைசியில் அவனுக்கு ரூட் மாறிவிடுகிறது. நான் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். “ஒண்ணுமே நடக்கல பாரு. அதுதான்” என்றார். எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

ஐப்பசியில் ஒருவழியாகத் தண்ணீர் வந்து சம்பா நட்டு முடிந்திருந்த சமயம், புது மாத நாவல் ஒன்றை, கடைக் கயிற்றில் தொங்கவிடாமல், முதலில் தங்கச்சி படிக்கட்டும் என்று அண்ணிக்குப் பாய் கொடுத்தனுப்பினார். துபாய் போன கணவனைப் பற்றிய கதை. மூன்று மாதம் சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் போகிறான். நான்கு வருஷம் கழித்து நகையும் பெட்டியுமாக வந்து இறங்குகிறான். விமான நிலையத்தில் மனைவி ஓடி வந்து, எல்லோரும் பார்க்க அவன் மார்பில் விழுந்து ஆனந்தக் கண்ணீர் விடுகிறாள். சுபம்.

அண்ணி அன்றைக்கு எனக்குக் கதை சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் என்னுடைய பழைய ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைக் காட்டினார். நாவலின் கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதங்கள் போடுவார்கள். அதற்கு அனுப்பலாமா என்று கேட்டார். கேட்கும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது, நீ நல்லா எழுதுவியே, எழுதிக் கொடு என்றார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கு முதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலம்.

அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். இப்படி எழுதியிருந்தார்:

‘ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இந்த மாத நாவல் படித்தேன். நடை நன்றாக இருந்தது. முடிவை நம்ப முடியவில்லை. மூன்று மாதம் பார்த்த முகம் நான்கு வருஷத்தில் எப்படி நினைவிருக்கும்? ஃபோட்டோவில் இருப்பது ஃபோட்டோ முகம். அவள் கூட்டத்தில் பெட்டியைத்தான் அடையாளம் கண்டுபிடித்திருப்பாள், ஆளை அல்ல. அவள் அழுதிருந்தால் அந்தப் பயத்தில் அழுதிருப்பாள். அதற்கு அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் எப்படிப் பேசத் தொடங்கினார்கள் என்பதுதான் கதை. அதை நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். எழுதியிருந்தால் என் போன்றவர்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும்.’

கீழே, ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம் என்று மட்டும் போடச் சொன்னார்.

இன்லேண்ட் கடிதத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். எழுதி முடித்தபோது அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். அந்த வருஷம்தான் எங்கள் தமிழ் வாத்தியார் கடிதம் எழுதும் முறை நடத்தியிருந்தார். பேரும் முகவரியும் இல்லாதது மொட்டைக் கடிதாசி, கோழைகள் எழுதுவது என்று சொல்லியிருந்தார். என் அண்ணி கோழையா? கல்யாணப் பத்திரிகைகளில் வேறு பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் சித்தப்பா, மாமா யார் வெளிநாட்டில் இருந்தாலும் பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு சிங்கப்பூர், குவைத் என்று அச்சடிப்பார்கள். அது ஒரு பெருமை. நானும் அதே மாதிரி போட்டேன். திருமதி என்று அண்ணியின் பேர், கணவர் பெயர் என்று அண்ணனின் பேர், அடைப்புக்குறிக்குள் மஸ்கட், பிறகு தெரு, ஊர், தபால் நிலையம். எல்லாம் வரிசையாக, அழகாக. ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் பாய் கடையைப் பூட்டிவிட்டு, தானே சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். “தங்கச்சி பேரு அச்சுல வந்திருக்கு பெரியவரே. நம்ம கடையில வாங்கிப் படிச்ச புள்ள” என்று அப்பாவிடம் புத்தகத்தை விரித்துக் கொடுத்தார். ஒரு வரி விடாமல் போட்டிருந்தார்கள். சிறந்த கடிதம் என்று கட்டம் கட்டியிருந்தார்கள். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மேலே இருந்ததை விட்டுவிட்டுக் கீழே இருந்த முகவரியை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தார். நம்ம தெரு பேரெல்லாம் வந்திருக்கே என்று அவருக்குச் சந்தோஷம். அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

அண்ணி நின்றபடியே மூன்று முறை படித்தார். முகம் பூராவும் சிரிப்பு. மூன்றாவது முறைதான் கண் கீழே இறங்கியது.

“தம்பி, இதை யாரு போட்டது?”

“நான்தான் அண்ணி. பேரு இல்லாட்டி மொட்டைக் கடிதாசி ஆயிடும்ல.”

புத்தகத்தை மூடினார். பிறகு, “சரி விடு. சமையல்கட்டுல கிடந்து படிக்கிற பொம்பளைங்களைத் தவிர யாரு இதைப் பாக்கப் போறா” என்று என் தலையைத் தட்டினார்.

பாய் பார்த்தார். பாய்க்கு அண்ணியின் மேல் பிரியம். அந்த வாரம் மஸ்கட் போன ஓர் ஆளிடம், ஊறுகாய் பாட்டிலோடு அந்த நாவலையும் வைத்து, கடைசிப் பக்கத்தின் ஓரத்தை மடித்து, கடிதத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கோடும் போட்டு அனுப்பினார். அண்ணன் பார்த்துப் பெருமைப்படட்டும் என்று.

மார்கழி பாதியில் அண்ணனிடமிருந்து அப்பா பேருக்குக் கடிதம் வந்தது. அண்ணன் கடிதங்களை உரக்கப் படிப்பது எப்போதும் நான்தான். அப்பா நாற்காலியில், அம்மா நிலைப்படியில், அண்ணி சமையலறைக் கதவுக்குப் பின்னால். வழக்கமான நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. அறையில் இப்போது தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பெட்டி என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். பெட்டி வந்துட்டுது, பெட்டிக்குச் சோறு போடு, பெட்டி ஊருக்குப் போனா வாசல்ல அடையாளம் கேப்பாங்களாம் என்று எட்டுப் பேரும் சிரிக்கிறார்கள். நாற்பத்தேழு நாள் என்றாலும் கட்டினவளுக்கு முகம் மறந்துபோகுமா என்று கேட்டிருந்தார். கடைசியில் இரண்டு வரி: ‘அவள் எழுதியது கதையைப் பற்றியா, என்னைப் பற்றியா? அதை அவளையே எனக்கு எழுதச் சொல்லவும்.’

படித்து முடித்தேன். அப்பா முதலில் கேட்ட கேள்வி, பேரையும் ஊரையும் யார் போடச் சொன்னது என்பதுதான். நான் எழுந்து நின்றேன். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணி, “நான்தான் மாமா போடச் சொன்னேன்” என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். நின்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வயதில் அதற்குத் தைரியம் வராதா என்ன? வரவில்லை.

அன்று மதியமே அண்ணி எழுத உட்கார்ந்தார். என்னிடம் கேட்கவில்லை. தன் கையெழுத்திலேயே, நெல் அவிக்கிற கொட்டகையில் உட்கார்ந்து, நாலு பக்கம். மறுநாள் காலை தபாலில் போடச் சொல்லி அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதைப் படிக்கவில்லை. கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், எடை பார்ப்பது போல.

“நாலு பக்கமா? இவ்வளவு எதுக்கும்மா?”

“நான் கதையைப் பத்தித்தான் மாமா எழுதுனேன். அவங்களைப் பத்தி இல்ல. அதைத்தான் இதுல சொல்லிருக்கேன்.”

“விளக்கம் சொல்லப் போனா வழக்காயிடும். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை போட்டா அதோட முடிஞ்சுது. அவன் கோவம் எனக்குத் தெரியாதா?”

அப்பாவைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். குத்தகை விஷயத்தில் அதிகாரிகளிடம் போய் நின்று நின்று அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். நியாயம் பேசினால் இழுத்துக்கொண்டே போகும், ஐயா மன்னிச்சுக்கங்க என்றால் போ என்று விட்டுவிடுவார்கள். அதையே வீட்டுக்குள்ளும் செய்தார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். ‘நான் எழுதியது பெரிய தவறு. புத்தி இல்லாமல் செய்துவிட்டேன். என்னை மன்னித்துவிடவும். இனிமேல் எந்தப் புத்தகமும் தொடமாட்டேன்.’ அரைப் பக்கம்கூட வரவில்லை. கீழே அண்ணி கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி என் சட்டைப் பையிலேயே செருகினார்.

அந்த நாலு பக்கம் கொட்டகை அடுப்பில் போயிற்று. அப்பா மடித்தபடியே உள்ளே வைத்தார். அன்றைக்கு நெல் அவித்துக்கொண்டிருந்தோம். உமி போட்ட அடுப்பு லேசில் பற்றாது, அதனால் கொஞ்ச நேரம் அது சும்மாவே கிடந்தது. எடுத்திருக்கலாம். அப்புறம் ஓரம் கறுத்துச் சுருண்டது. அதில் என்ன எழுதியிருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் எழுதியவற்றிலேயே நான் படிக்காதது அது ஒன்றுதான்.

பொங்கல் முடிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை. காலையில் அண்ணன் ஃபோன் பண்ணப்போவதாகப் பாய் சொல்லி அனுப்பியிருந்தார். நாலு பேரும் போனோம். அண்ணி எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத் தலையோடு, நோட்டுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றார். வழக்கமாக முதலில் அப்பா, பிறகு அம்மா, கடைசியில் அண்ணி பேசுவார். அண்ணி பேசும்போது பாய் கடைக்கு வெளியே போய் நின்றுகொள்வார். அன்றைக்கும் மணி அடித்தது. அப்பா ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குவார்ட்டர்ஸா என்று ஒரு தடவை கேட்டார். அதற்கு இப்ப என்ன அவசரம் என்று ஒரு தடவை. பிறகு அம்மாவைக் கூப்பிடாமலே, “இங்கதான் நிக்கிறாப்பா, பேசு” என்று ரிசீவரை அண்ணி பக்கம் நீட்டினார். அண்ணி வாங்கிக் காதில் வைத்தார். பாய் அதற்குள் வெளியே போய்விட்டிருந்தார். அண்ணி காதில் வைத்தபடியே நின்றார். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் என்று எங்களுக்குத் தெரிய கொஞ்ச நேரம் ஆயிற்று.

திரும்பி வரும் வழியில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி முன்னால் நடந்தார். மதகுக்குப் பக்கத்தில் அப்பா நின்று, அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்குக் கேட்டது. அண்ணிக்கும் கேட்டிருக்கும்.

“மன்னிப்புக் கேட்டிருக்காளே, அப்ப எழுதினது என்னைப் பத்தித்தானேங்கிறான். குவார்ட்டர்ஸை வேற ஆளுக்கு விட்டுக் குடுத்துட்டானாம். லீவும் வேணாம்னுட்டான்.”

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா அவசரத்தில் ரசத்துக்கு உப்புப் போட மறந்திருந்தார். எனக்கு வாயில் வைக்க முடியவில்லை. அம்மா சந்தேகப்பட்டு, ரசம் எப்படிம்மா இருக்கு என்று அண்ணியைக் கேட்டார். அதற்கு முந்தின வாரம் வரை, புளி ஒரு நெல்லிக்காய் அளவு கூடிவிட்டது என்று சொல்லக்கூடியவர்.

“நல்லா இருக்கு அத்தை” என்றார்.

பிறகு நடந்ததில் சொல்ல அதிகம் இல்லை. அண்ணன் அதற்கு நாலு வருஷம் கழித்து வந்தார். இருபது நாள் இருந்தார். சண்டை எதுவும் போடவில்லை, போட்டிருந்தால்கூட ஏதாவது வழி பிறந்திருக்கும். மறுபடியும் போனார், வந்தார், போனார். சர்க்கரை வியாதியோடு ஒரேயடியாகத் திரும்பி வந்து, பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, போய்ச் சேர்ந்தார். தண்ணி கொண்டா என்பதைக்கூட என் மூலமாகவோ உங்கள் அம்மா மூலமாகவோதான் சொல்வார். பிள்ளை இல்லை. பாஸ்போர்ட் மஞ்சள் துணியிலேயே காலாவதியாகிப்போனது. பாய் பிறகு பல தடவை புத்தகம் கொடுத்தனுப்பினார். அண்ணி பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். பாய்க்கு ஏன் என்று தெரியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நானும் இருபத்துமூன்று வயதில் மஸ்கட் போனேன். பாயின் மகன்தான் எனக்கும் விசா எடுத்துக் கொடுத்தார். அதே மாதிரி அறை, எட்டுக் கட்டில். அங்கேதான் எனக்கு மிச்சமும் தெரிந்தது. அந்த வாசகர் கடிதத்தைக் கத்தரித்து அறைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்களாம். அண்ணனும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தாராம். நான் எழுதிய மன்னிப்புக் கடிதம் வந்த அன்று அண்ணனுக்கு வேலை நேரம். அவர் வருவதற்குள் பிரித்து, அறை முழுக்கப் படித்துவிட்டார்கள். வந்தவரிடம் ஒருவன், பெட்டி, உன் வீட்ல ஒத்துக்கிட்டாங்கடா என்றானாம். பாயின் மகன் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணியிடம் நான் மனதில் கிடந்ததைச் சொன்னது ரொம்பப் பிந்தி, நீங்கள் இரண்டு பேரும் பிறந்த பிறகு. அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அன்றைக்கு நான் எழுந்து நின்றேனே அண்ணி, சொல்லியிருக்கணும், முகவரி போட்டதும் நான், மன்னிப்பு எழுதினதும் நான் என்றேன். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அதுக்கென்ன தம்பி. கையெழுத்து நல்லாத்தான் இருந்துச்சு.”

அவ்வளவுதான் கிடைத்தது எனக்கு. அதற்கு மேல் கேட்க நான் யார்?

மஸ்கட்டில் இருந்தபோது நான் செய்த ஒன்றை உங்கள் அம்மாவுக்கும் சொன்னதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல், படுத்திருந்தேன். அன்று காலை ஊரிலிருந்து வந்த ஓர் ஆள் புது மாத நாவல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தார். இன்னும் யாரும் தொடவில்லை. எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். கதாநாயகன் மனைவிக்கு அடிக்கடி ஃபோன் பண்ணுவது ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் எந்த வேலையில் இருப்பவருக்கு அவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று ஒரு கேள்வி. வேறொன்றும் இல்லை. கீழே அவள் பேர், கணவன் பேர், தெரு, ஊர். நான் எழுந்து, என் சவர பிளேடை எடுத்து, ஸ்கேல் வைத்து, முகவரி இருந்த இரண்டு வரியை மட்டும் நறுக்கி எடுத்தேன். அவள் எழுதியதைத் தொடவில்லை. புரட்டிப் பார்த்தால், மறுபக்கத்தில் கதையின் கடைசி இரண்டு வரிகளும் அதோடு போயிருந்தன. அந்த மாதம் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருப்பார்கள், எத்தனை அறைகளில் கிடக்குமோ. நறுக்கிய துண்டைக் குழாயில் நனைத்து, உருட்டி, சாக்கடையில் போட்டுவிட்டு, புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.